மூன்றாம் கம்பத்தில் கொடி

நோர்வே
2025 ஜூன் 30

அன்புள்ள றோஸ் அக்காவுக்கு,

ஜஹானா எழுதுகிறேன். லயத்து வீடுகளில் எல்லோரும் சுகமா? போனில் சொல்வதைப் பிறகு சொல்லவில்லை என்று மறுத்துவிடுவார்கள், சங்கத்தில் வாசித்துக் காட்ட எழுத்தில்தான் வேண்டும் என்று நான் புறப்படும்போது கண்டிப்பாகச் சொன்னீர்கள். அதனால் இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். இந்த ஊரில் தபால் கந்தோரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போய்விட்டது.

ஒரு முக்கியமான செய்தி. எங்கள் பல்கலைக்கழகமும் இங்குள்ள பல்கலைக்கழகமும் சேர்ந்து, மலைச்சரிவு அசைகிறதா என்று பார்க்க உங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறு இரும்புக் கம்பங்கள் நட்டோமே, நினைவிருக்கிறதா? அதில் மூன்றாம் கம்பம், மேல் லயத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்பது, ஜூன் தொடக்கத்தில் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. கம்பத்தில் பூட்டிய பெட்டி அனுப்பும் கணக்கு நேராக இங்கே வந்து சேருகிறது. திரையில் அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்ததும் இங்குள்ள பேராசிரியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். இந்த ஆராய்ச்சிக்கு இரண்டாம் கட்டப் பணம் கிடைத்தால், ஆபத்தில் இருக்கும் ஒரு லயத்தை வேறு இடத்துக்கு மாற்ற அதில் ஒரு பங்கு உண்டு. காணியை அரசாங்கம் கொடுக்கும், வீட்டை இவர்கள் கட்டுவார்கள். ஒரு லயத்துக்கு மட்டும்தான். இப்போதைக்கு உங்கள் மேல் லயம்தான் முதலில் நிற்கிறது. ஒக்டோபர் கடைசியில் இங்கிருந்து ஒரு குழு நேரில் பார்க்க வரும்.

எனக்கு நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். ஜூன் முதல் இரண்டு வாரமும் லயத்தில் வித்தியாசமாக ஏதாவது கண்டீர்களா? சுவர் வெடித்ததா, கதவு இறுகியதா, நிலத்துக்குள் சத்தம் கேட்டதா? எல்லோரையும் கேட்டு எழுதுங்கள்.

பயப்பட வேண்டாம். ஆனால் மழை பெய்தால் மேல்பக்கத்துக் காம்பராக்களில் யாரும் படுக்க வேண்டாம்.

அன்புடன்,
ஜஹானா


சேசு மரி சூசை துணை

நீர்ப்பாறைத் தோட்டம், மேல் லயம்
மடுல்கெல்ல
18.07.2025

ஜஹானா மிஸ்ஸுக்கு, மேல் லயம் மாதர் சங்கத் தலைவி றோஸ் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலேயே வாசித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். வீடு கட்டித் தருவார்கள் என்ற இடத்தை மூன்று முறை திரும்ப வாசிக்க வைத்தார்கள். மிஸ், கை தட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். நல்லது சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் பயம் வந்துவிடும். எத்தனை பேர் மைக் கட்டி வீடு தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்!

என் மருமகன் றொட்னிதான் முதலில் அசைந்தார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு இழுத்தார். "இது குசினி, அடுப்பு இங்க. இது தனியா ஒரு ரூம், அத்தைக்கு" என்றார். "எனக்கு ஜன்னல் பக்கம் வை" என்று நானும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சுவர் வெடித்திருக்கிறது. என் வீட்டுச் சுவரில் கை நுழைகிற வெடிப்பு இருக்கிறது. அது ஜூனில்தான் வந்ததா என்று கேட்டால், ஜூனில்தான் வந்தது என்று சங்கத்தில் தீர்மானித்திருக்கிறோம். கதவும் இறுகியது. சத்தத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது.

அந்த இரண்டு வாரமும் எங்களுக்கு அந்தோனியார் திருநாள். கொடியேற்றம், நவநாள், பூசை, சப்பரம் என்று ஓடித் திரிந்தோம். மலை என்ன செய்தது என்று நின்று பார்க்க ஆள் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பள்ளத்து லயத்தாரும் உங்களுக்கு ஏதாவது எழுதுவார்கள். நம்பாதீர்கள். எங்கள் பைப்பில் குழாய் போட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டு, கேட்டால் குடத்தால் அடிக்க வருகிற கூட்டம் அது. ஒரு லயத்துக்குத்தான் என்றால் அது எங்கள் லயம்தான். எழுத்தில் தந்துவிட்டீர்கள், கடிதத்தை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
றோஸ்


நோர்வே
2025 ஓகஸ்ட் 4

அன்புள்ள றோஸ் அக்கா,

இந்தக் கடிதத்தைச் சங்கத்தில் வாசிக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும்.

போன வாரம் பெரிய மாநாடு ஒன்றில் உங்கள் மூன்றாம் கம்பத்தைப் பற்றிப் பேசினேன். பல நாட்டு ஆட்கள். பேசி முடித்ததும் எழும்பி நின்று கை தட்டினார்கள். அன்றைக்கே வத்தேகமயில் உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். உம்மா அழுதுவிட்டு, "வாப்பா இருந்திருந்தா இந்நேரம் கடை வீதியில ஒவ்வொரு கடையா ஏறி எறங்கியிருப்பாரு மகள்" என்றார்.

பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது, இத்தாலியிலிருந்து வந்த வயதான ஒருவர் என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "உங்கள் கோடு ஜூன் 4ஆம் திகதி சாயத் தொடங்குகிறது. ஒன்பது நாள் சாய்ந்துகொண்டே போகிறது. 14ஆம் திகதி பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. நான் நாற்பது வருடமாக மலைகளைப் பார்க்கிறேன். சரிந்த மலை திரும்பி ஏறி வந்ததை நான் பார்த்ததில்லை."

இங்குள்ள பேராசிரியர் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். சிமெந்து நனைந்து ஊறியிருக்கும், பெட்டி தன்னைத் தானே சரி செய்திருக்கும் என்கிறார். அவருக்கு இந்தப் பணம் வேண்டும். எனக்கும் வேண்டும். ஆனால் அந்தக் கிழவர் கேட்டது மனதில் நின்றுவிட்டது.

அக்கா, கம்பத்தை யாராவது தொட்டார்களா? மாடு கட்டினார்களா? உடுப்புக் காயப் போடக் கொடி கட்டினார்களா? பிள்ளைகள் ஏறினார்களா? நான் யாரையும் ஏச மாட்டேன். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஜஹானா


சேசு மரி சூசை துணை

மேல் லயம்
21.08.2025

ஜஹானா மிஸ்ஸுக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். மூன்று நாளாக அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது. கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாடு கட்டவில்லை. உடுப்புக் காயப் போடவில்லை. கொடி ஏற்றினோம்.

கோயில் கொடிமரத்தைக் கறையான் தின்றுவிட்டது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் றொட்னி பிடித்து ஆட்டிப் பார்த்தார், அடியோடு கையில் வந்துவிட்டது. மறுநாள் மாலை கொடியேற்ற மடுல்கெல்லயிலிருந்து சுவாமி வருகிறார். மரம் வெட்டத் தோட்டத்துத் தொரையிடம் அனுமதி கேட்கவும் நேரமில்லை. எல்லோரும் தலையில் கை வைத்து நிற்கும்போது றொட்னி உங்கள் கம்பத்தைக் காட்டினார். "அத்தே, இந்தா நிக்கிதே! கெம்பஸ்காரங்க இரும்புல நட்டுக் குடுத்திருக்காங்க. அந்தோனியாரே அனுப்பிவச்ச மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பொட்டியில கை படாம கட்டுங்க" என்று நான்தான் சொன்னேன்.

உச்சியில் மூங்கில் ஒன்றைச் சேர்த்துக் கட்டிக் கொடியை ஏற்றினோம். பெரிய கொடி மிஸ், கொழும்பில் தைத்தது. ஒன்பது நாளும் காற்று. கொடி பாய் மாதிரி உப்பி இழுத்தது. கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் ஜெபமாலை சொன்னோம். ஏற்றிய கொடியைத் திருநாள் முடியாமல் இறக்கக் கூடாது. இறக்கினால் அந்த வருடம் லயத்துக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் நம்புவார்கள்.

14ஆம் திகதி கொடியிறக்கியதும், ஆம்பிளைகள் எல்லோரும் சேர்ந்து கயிறு போட்டு இழுத்துக் கம்பத்தை நேராக்கினார்கள். அடியில் கல் போட்டு இறுக்கி, மேலே சாந்து பூசினோம். அந்நிய நாட்டுக்காரன் நட்ட கம்பத்தைக் கோணலாக விட்டால் நமக்குத்தான் வெட்கம் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்வித்தேன். அது உள்ளே கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? பெட்டியைத் தொடாவிட்டால் போதும் என்று நினைத்தோம்.

இப்போது கேட்கிறேன் மிஸ். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். பேசாமல் இருங்கள்.

என் புருசன் செத்தபோது சவப்பெட்டியைக் காம்பராவுக்குள் கொண்டுபோய்த் திருப்ப இடமில்லை. வெளியே தார்ப்பாய்க்குக் கீழே வைத்து, இரவெல்லாம் தண்ணீரை வழித்து ஊற்றிக்கொண்டு இருந்தோம். அவர் தகப்பனுக்கும் அப்படித்தான். என்னையும் அப்படித்தான் வெளியே வைப்பார்கள். மலை அசைந்தால்தான் எங்களுக்கு வீடு என்று சட்டம் போட்டது யார்? அசையாத மலையில் இருக்கிறவன் மனுசன் இல்லையா? இதுவரை எதைக் காட்டியும் கிடைக்காத வீடு, ஒரு கொடியால் கிடைக்கப் போகிறது. அதைத் தட்டிவிடாதீர்கள்.

றோஸ்


நோர்வே
2025 செப்டெம்பர் 8

றோஸ் அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. திரும்பி வரும்போது கால் மரத்திருந்தது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பம் நட்ட அன்று லயம் முழுவதையும் கூட்டி வைத்து, இதைத் தொடக் கூடாது, சாய்க்கக் கூடாது என்று எத்தனை முறை சொன்னேன்? "வெளங்குது மிஸ்" என்று நீங்கள்தானே எல்லோருக்காகவும் பதில் சொன்னீர்கள்? உலகத்து ஆட்களுக்கு முன்னால் மேடையில் நின்று நான் காட்டியது மலை இல்லை. உங்கள் திருநாள் கொடி. அதற்குத்தான் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

இதை இப்போது நான் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? என் பதவி இன்னும் நிரந்தரம் இல்லை. இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அது மட்டுமில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுப்பும் கணக்கை நம்ப முடியாது என்று ஒரு பேச்சு வந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து யார் பணம் கேட்டு எழுதினாலும் என் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும். ஆஸ்பத்திரி ஆராய்ச்சி, விவசாய ஆராய்ச்சி என்று எத்தனையோ பேர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஆகவே நான் வாய் திறக்கப் போவதில்லை. உங்களுக்காக என்று சொன்னால் அது பொய். எனக்காகத்தான். நீங்களும் திறக்காதீர்கள். குழு வரும்போது சுவர் வெடிப்பைக் காட்டுங்கள். கொடி என்ற சொல்லே வரக் கூடாது. றொட்னிக்கும் சொல்லி வையுங்கள்.

யாருக்கும் கெடுதி இல்லை என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன். அப்படியும் எழுத முடியவில்லை. ஆறாம் கம்பம், பள்ளத்து லயத்துக்கு மேலே நிற்பது, வைத்த மாதத்திலிருந்து அசைகிறது. மிகச் சிறிய அசைவு. யாரும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள். ஆனால் ஒரே பக்கம் போகிறது, ஒரு முறையும் திரும்பி வரவில்லை. உங்கள் கோடு மட்டும் இல்லாவிட்டால் அவர்கள்தான் முதலில் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த கட்டத்தில் கிடைக்கும். மூன்று வருடம் ஆகலாம்.

ஜஹானா


சேசு மரி சூசை துணை

மேல் லயம்
25.09.2025

ஜஹானா மிஸ்ஸுக்கு,

அந்தக் கடைசிப் பக்கத்தை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம்.

பள்ளத்து லயத்துக்கு நான் போய் எத்தனையோ வருடம். நீங்கள் எழுதியதில் பாதி உங்கள் கற்பனையாக இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். பிலோமினா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். குடத்தால் அடிக்க வந்தவள் அவள்தான். என்னைக் கண்டதும் சுளகைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"என்ன மகாராணி, பைப்ப அளந்து பாக்க வந்தீங்களா?"

"இல்லடி. சும்மா வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீங்க? வீடு கிடைச்சிருச்சின்னு சொல்லிக் காட்டத்தானே வந்தீங்க? சொல்லிட்டுப் போங்க. காது குளிரக் கேட்டுக்கிறேன்."

"ஒங்க வீட்டுக் கதவு சாத்துதா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எழும்பிப் போய்க் கதவை இழுத்துக் காட்டினாள். பாதியில் நின்றது. மேல் விளிம்பு முழுவதும் புதுச் சீவல். "இவரு வாரம் வாரம் சீவுறாரு. இனிச் சீவக் கதவுல பலகை இல்ல" என்றாள். வெடிப்புக்குப் பழைய துணியைத் திணித்திருக்கிறார்கள். சின்னவளின் பந்தை நிலத்தில் வைத்தேன். யாரும் தொடாமல் அது உருண்டு போய் மூலையில் முட்டி நின்றது. "அது இப்ப புள்ளைகளுக்கு ஒரு வெளையாட்டு" என்று சிரித்தாள். பிள்ளைகளைக் கதவுப் பக்கம் தலை வைத்துப் படுக்க வைக்கிறாளாம்.

தேத்தண்ணி தந்தாள். குடிக்க முடியவில்லை. பழைய பகைக்கு உப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நான் நினைத்ததாக அவள் நினைத்திருப்பாள். அப்படியே இருக்கட்டும்.

மிஸ், நான் மனசு மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எங்கள் வீடு எங்களுக்கு வேண்டும். வீட்டுக்கு வந்தால் றொட்னி புதுக் காணிக்கு வாழைக் கன்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். என் பேத்தி தனக்கு எந்த மூலை என்று தினமும் கேட்கிறது. அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?

நீங்கள் படித்தவர். கொடியைப் பற்றிச் சொல்லாமலே ஆறாம் கம்பத்தை முன்னுக்குத் தள்ள ஒரு வழி இருக்கும். இரண்டு லயத்துக்கும் கேளுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்து ஆட்களை மட்டும் உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள். காரணம் சொல்லத்தானே கெம்பஸில் சம்பளம் தருகிறார்கள்?

மழை தொடங்கப் போகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

றோஸ்


நோர்வே
2025 ஒக்டோபர் 9

றோஸ் அக்கா,

நீங்கள் சொன்ன வழியைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

பேராசிரியரிடம் போய், ஆறாம் கம்பத்தைக் கவனிப்போம், அங்கேதான் ஆபத்து என்று சொன்னேன். "மூன்றாவது இதைவிடப் பல மடங்கு அசைந்திருக்கிறதே, நீதானே காட்டினாய்?" என்றார். இரண்டு லயத்துக்கும் கேட்டேன். "ஒன்றுக்கே நான் எத்தனை கதவு தட்டினேன் தெரியுமா?" என்றார். எங்கே தொட்டாலும் மூன்றாம் கம்பத்தில்தான் வந்து முட்டுகிறது. அந்தக் கோடு பொய் என்று சொல்லாமல் மற்றக் கோட்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பேசாமல் இருங்கள் என்று எழுதியது நீங்கள். சரி என்று நான் இறங்கி வந்த பிறகு, பந்து உருண்ட கதையை எழுதி அனுப்பியதும் நீங்கள். அந்தப் பிள்ளைகள் கதவுப் பக்கம் தலை வைத்துப் படுப்பதை எனக்கு எதற்கு எழுதினீர்கள்? நீங்கள் பார்த்தீர்கள், நீங்கள் சுமந்திருக்க வேண்டும். என் தலையில் இறக்கி வைத்துவிட்டு, காரணம் சொல்லத்தானே சம்பளம் என்று குத்திக் காட்டுகிறீர்கள். என் சம்பளம் எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஏசிவிட்டேன். கிழித்துப் புதிதாக எழுத நேரமில்லை, இப்படியே அனுப்புகிறேன்.

28ஆம் திகதி குழு உங்கள் கோயிலில் கூட்டம் வைக்கும். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் கிருஷ்ணராஜ் மொழிபெயர்ப்பார். நான் இங்கிருந்து திரையில் வருவேன். தோட்டத்துத் தொரை, கிராம சேவகர், பள்ளத்து லயத்து ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள்.

அன்று என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. இதுதான் உண்மை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியாது. நான் சொல்லி, நீங்கள் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால், நான் பைத்தியக்காரி. நான் மறைத்து, நீங்கள் சொன்னால், நான் கள்ளி. இரண்டு பேரும் மறைத்தால் உங்களுக்கு வீடு, எனக்குப் பதவி. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் இங்கே இருந்துகொண்டு ஆறாம் கம்பத்தின் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இதற்குப் பதில் எழுதினாலும் 28க்கு முன்னால் வந்து சேராது. எழுத வேண்டாம்.

ஜஹானா


சேசு மரி சூசை துணை

மேல் லயம்
09.11.2025

ஜஹானா மிஸ்ஸுக்கு,

அன்று நீங்கள் பேசி முடித்த கையோடு திரை கறுத்துவிட்டது. மழைக்குச் சிக்னல் போய்விட்டது என்று கிருஷ்ணராஜ் சொன்னார். ஆகவே அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவர் உங்களுக்குச் சுருக்கி எழுதியிருப்பார். நான் சுருக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் இங்கிலீசில் பேசும்போது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் முகம் சிவப்பதைப் பார்த்தேன். பிறகு நீங்கள் தமிழில் திருப்பினீர்கள். "மூன்றாம் கம்பத்தில் திருநாள் கொடி ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு இது செப்டெம்பர் தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் மறைத்தேன்." அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

திரை போனதும் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். தகரத்தில் மழை கொட்டியது. பேராசிரியர் கிருஷ்ணராஜிடம் ஏதோ கேட்டார். கிருஷ்ணராஜ் எங்களைப் பார்த்து, "இது உண்மையா? கொடி ஏத்தினீங்களா? தலைவி சொல்லுங்க" என்றார்.

றொட்னி என் பின்னால் இருந்தார். காதுக்குள் சொன்னார். "அத்தே, ஒரு வார்த்தை. அந்த மிஸ் பொய் சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை போதும். படம் இல்ல, சாட்சி இல்ல. நம்ம லயமே ஆமாம்னு சொல்லும்."

அவர் சொன்னது சரி. லயமே சொல்லியிருக்கும். கொடியை ஏற்றிவைத்த சுவாமியும் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. உங்களைப் பைத்தியக்காரி ஆக்க எனக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. மறைக்க மாட்டேன் மிஸ், அந்த வார்த்தை என் வாய்க்குள் வந்து நின்றது. என் பேத்தி என் மடியில் இருந்தது. ஜன்னல் பக்கம் என்று றொட்னி கோடு போட்ட அறை கண்ணுக்குள் நின்றது. எதிர்ப்பக்கம் பிலோமினா இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்று முடிவு கட்டிவிட்டவள் மாதிரி, முந்தானையால் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டு இருந்தாள். நான் பொய்தான் சொல்வேன் என்று அவள் அவ்வளவு நிச்சயமாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

எழும்பினேன். "உண்மைதான். நான்தான் கட்டச் சொன்னேன். நேராக்கிச் சாந்து பூசினதும் நான்தான். ஆறாம் கம்பத்துல யாரும் கொடி ஏத்தல. அதப் போய்ப் பாருங்க" என்றேன்.

எங்கள் பக்கத்திலிருந்து யாரோ "பாவி" என்றார்கள். யாருடைய குரல் என்று தெரியும். எழுத மாட்டேன்.

அந்த மழையிலேயே குழு பள்ளத்து லயத்துக்கு இறங்கியது. பேராசிரியர் பிலோமினா வீட்டுக் கதவை இழுத்துப் பார்த்தாராம். வெடிப்பிலிருந்த துணியை உருவி, உள்ளே கையை விட்டாராம். வெளியே வந்து தொப்பியைக் கழற்றி, மழையில் நின்றுகொண்டே தொரையிடம் கத்தினாராம். அன்று மாலையே பள்ளத்து லயத்தை எழுப்பித் தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோருக்குப் போகச் சொன்னார்கள். வீடு யாருக்கு, பணம் வருமா வராதா என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மலை இன்னும் அப்படியே நிற்கிறது. இதற்கா இவ்வளவு என்று எங்கள் லயத்தில் இப்போது கேட்கிறார்கள். நிற்கட்டும். விழுந்து நான் சொன்னது சரி என்று ஆக வேண்டியதில்லை.

சங்கத் தலைவி நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டார்கள். கணக்குக் கேட்டு, சாவியை வாங்கிக்கொண்டார்கள். பைப்படியில் நான் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள்.

உங்கள் பதவிக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. கிருஷ்ணராஜைக் கேட்டேன், "தெரியாது, விசாரணையாம்" என்றார். உங்கள் உம்மாவைப் பார்க்க வத்தேகமவுக்குப் போகலாமா என்று நினைத்தேன். போய் என்ன சொல்வது? பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பிவிட்டேன். விசாரணையில் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். கொழும்பு என்றாலும் வருவேன். மற்றது, எங்கள் லயத்துக்கு வேறு வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். மலை அசையாத ஆட்களுக்கு வீடு கொடுக்கிற நாடு ஏதாவது இருக்கும், தேடிப் பாருங்கள். நான் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

பள்ளத்து ஆட்கள் சாமான் தூக்கிய அன்று நானும் இறங்கினேன். எங்கள் லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. பிலோமினாவின் புருசன் ஆட்டையும் பிள்ளைகளையும் முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவளும் நானும் அலுமாரியைத் தூக்கினோம். கல்யாணத்துக்குக் கொடுத்த பழைய மர அலுமாரி, பிணக் கனம். "விடுங்க, ஒங்களால ஏலாது" என்றாள். "வாயப் பொத்திக்கிட்டுத் தூக்குடி" என்றேன். நாலு படி ஏறியதும் என் கை விட்டுவிடும் போல இருந்தது. திடீரென்று கனம் குறைந்தது. எனக்கு அடுத்தாற்போல் ஒரு தோள் வந்து அலுமாரியைத் தாங்கியது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, றொட்னி.

கூட்டம் முடிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில்லை. சோற்றுக்கோப்பையைக்கூட என் கையால் வாங்கவில்லை. ஸ்டோர் வாசல் வரைக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நிலை குறுகல். அலுமாரியைச் சரித்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

"அத்தே, கைய எடுங்க, நசுங்கிரும்" என்றார்.

எடுத்தேன்.

றோஸ்